கேளாத ஓசையும் கேட்ட பெயரும்

மேலை இசைக்குழுவின் கருவிகளைச் சந்தப் பாட்டும் படமும் கொண்ட நூல்வழியே குழந்தைக்கு அறிமுகப்படுத்தும்போது, காதில் விழாத ஓசையைச் சொல்லாலும் படத்தாலும் அறிவிக்க இயலுமா என்னும் மெய்யியல் வினா எழுகிறது. ஓசை செவிக்கு மட்டுமே புலனாகும் குணம் என்பது வைசேடிகர் கொள்கையாதலின், படம் கருவியின் வடிவத்தைக் காட்டுமேயன்றி அதன் நாதத்தைக் காட்டாது.

இங்குத் துணைசெய்வது, நியாய நூலார் தனிப் பிரமாணமாக, அதாவது அறிவு பெறும் வாயிலாக, ஏற்ற உவமானம். கவயம் என்னும் காட்டு விலங்கு பசுவைப் போன்றது என்று கேட்டிருந்த ஒருவன், பின்பு காட்டில் அதைக் காணும்போது இதுவே கவயம் எனத் தெளிகிறான். மணிமேகலையின் 27ஆம் காதையும் உவமத்துக்கு இந்த விலங்கையே சான்று காட்டுகிறது. முதலில் அவன் பெற்றது பொய்யறிவு அன்று. பெயரும் பொருளும் இணையும் நாளை எதிர்நோக்கி நிற்கும் அறிவு.

கோலார் தங்கவயல் பகுதியிலுள்ள பூதிகோட்டையில் வளரும் குழந்தைக்கு ஓபோ என்னும் துளைக்கருவி கவயம் என்றால், திருவிழாவிலும் திருமணத்திலும் கேட்ட நாகசுரமே அதற்குப் பசு. நாகசுரத்தின் சீவாளியில் எதிரெதிராக அமைந்த இரு நாணல் நாக்குகள் மூச்சுப்பட்டு அதிர்வது போலவே ஓபோவிலும் இரட்டை நாக்கு அதிர்கிறது. ஆயினும், நாகசுரத்தின் துளைகளை விரல்களே மூடித் திறக்க, ஓபோவில் அப்பணிக்கு உலோகச் சாவிகள் துணைநிற்கின்றன. நாகசுரம் வீதியை நிறைக்க, ஓபோ அரங்கினுள் பிற கருவிகள் சுருதி சேர்ப்பதற்கான சுரத்தைத் தருகிறது. ஒற்றுமையோடு வேற்றுமையும் உரைக்கப்படும்போதுதான் குழந்தை ஒன்றை மற்றொன்றாக மயங்காது.

லாயிட் மாஸ் எழுதி மார்ஜரி பிரைஸ்மன் ஓவியம் தீட்டி 1995இல் வெளிவந்த 'ஜின்! ஜின்! ஜின்! எ வயலின்' என்னும் நூலில், தனித்து ஒலிக்கும் டிராம்போனோடு ஒவ்வொரு கருவியாக வந்து சேர்ந்து பத்தாகின்றன. அத்தகைய நூலில் சந்தம் படத்தினும் ஒருபடி மேலானது. ஏனெனில் அதுவும் செவிக்குரியதே. எதுகையும் நெடிலின் இழுப்பும் கருவியின் நடையைக் குழந்தையின் நாவிலேயே பழக்குகின்றன. எனினும் சந்தம் கருவியின் குரல் ஆகாது.

ஆகவே, இத்தகைய நூல் தமிழில் எழுதப்படுமாயின், குழந்தை ஏற்கெனவே கேட்ட கருவியிலிருந்து தொடங்குவதே முறை. அதைப் படித்துக்காட்டும் பெற்றோரும் ஆசிரியரும், ஒலிப்பதிவின் வாயிலாகவேனும், பெயர் சொன்ன கருவியைக் கேட்கச் செய்யும்வரை கற்பித்தல் முடிந்ததாகக் கருதலாகாது.