வேண்டாம் என்று சொன்ன பிறகு

புதுச்சேரியின் மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பத்தில் பகலில் சாத்திய கதவைப் பார்ப்பது அரிது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, புழுக்கம் வேறு. கடற்காற்று உள்ளே வர வேண்டுமானால் வாசல் திறந்திருக்க வேண்டும். பட்டப்பகலில் யாராவது கதவைச் சாத்திவிட்டால், ‘என்னாச்சு, உடம்பு சரியில்லையா?’ என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டுவிடுவார். பழைய சிறிய வீடுகளில் வாசலுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு கொடித்துணிதான் மறைப்பு. அடுப்பில் என்ன கொதிக்கிறது, யார் படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெருவில் நடந்தாலே தெரியும்.

இப்படிப்பட்ட தெருக்களுக்குத்தான் சமயம் சொல்ல ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் இரண்டிரண்டு பேராக வருவார்கள். தோளில் பை, பைக்குள் துண்டுப்பிரசுரம். ‘அம்மா, ஒரு நிமிஷம் பேசலாமா?’ என்று தொடங்குவார்கள். யெகோவாவின் சாட்சிகள் வருவதுண்டு. பெந்தெகொஸ்தே சபையார் வருவதுண்டு. அவர்களை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஆடியில் கூழ் ஊற்ற ரசீதுப் புத்தகம் வரும். மாசி மகத்தன்று பக்கத்து வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும். அதையொட்டி ஒரு வசூல் வரும். டிசம்பர் இரவுகளில் கேரல் பாட்டும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் வருவார்கள். தேர்தல் வந்தால் எல்லாச் சாமிகளின் பெயரையும் சொல்லிக்கொண்டு கட்சிக்காரர்கள் வருவார்கள்.

எல்லோர் கண்ணுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் காற்றுக்காகத் திறந்து வைத்த கதவை, தனக்காகத் திறந்ததாக ஒருவர் எடுத்துக்கொள்ளலாமா?

புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் இந்தச் சிக்கலை யோசித்திருக்கிறார்கள். தெருவோரம் தாழ்வாரம், வழிப்போக்கர் யாரும் அதில் வெயிலுக்கு ஒதுங்கலாம். அதை அடுத்துத் திண்ணை. முன்பின் தெரியாதவரையும் அங்கே உட்கார வைத்துப் பேசலாம், தண்ணீர் கொடுக்கலாம். அதற்கப்பால்தான் நிலைப்படி. தெருவும் வீடும் மெல்ல மெல்லக் கலக்க அங்கே இடமிருந்தது. வந்தவரை அவமதிக்காமல் வெளியிலேயே நிறுத்தும் வேலையைத் திண்ணையே செய்தது. குப்பத்து வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. தெரு முடிகிற இடத்தில் வீடு தொடங்குகிறது. திண்ணை காத்த தூரத்தை இங்கே வருகிறவர்தான் காக்க வேண்டும். படியில் கால் வைக்காமல் இரண்டடி தள்ளி நின்று குரல் கொடுக்கலாம். உள்ளே ஓடும் கண்ணைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். இதையெல்லாம் எந்தச் சபையிலும் எந்தக் கோயில் கமிட்டியிலும் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நேரமும் ஒரு மரியாதைதான். கடலுக்குப் போகிறவர்கள் விடியுமுன் புறப்படுவார்கள். திரும்பி வந்து, மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு, பகலில்தான் கண்ணயர்வார்கள். பெண்கள் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போயிருப்பார்கள். அலுவலகம் போகிறவருக்குப் பத்து, பதினொரு மணி என்பது நல்ல வேளை; குப்பத்துக்கு அது தூங்கும் வேளை. அந்நேரம் விழித்திருப்பவர்கள் கிழவிகள், நோயாளிகள், பள்ளிக்குப் போகாத பிள்ளைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஆண்களைப் பகலில் வலையும் ஊசியுமாக வாசலில் பார்க்கலாம். மற்ற மாதங்களில் வீடு தேடி வருகிறவர், அவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், வீட்டில் எதிர்த்துப் பேசத் தெம்பில்லாதவர்களைத்தான் சந்திக்கிறார்.

சட்டம் இந்த இடத்தை ஓரளவு தொட்டிருக்கிறது. நம் அரசமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புவது என்றால் தன் கொள்கையை விளக்கிச் சொல்வது; இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கிரீஸ் நாட்டில் மினோஸ் கொக்கினாக்கிஸ் என்ற யெகோவாவின் சாட்சி, மதம் பேசியதற்காக அறுபது முறைக்கு மேல் கைதானவர். 1986இல் கிரீட் தீவில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசினார். அந்த வீட்டுக்காரர் உள்ளூர்த் தேவாலயத்தில் பாடகர். அவர் போலீசுக்குச் சொல்ல, வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 1993இல் கொக்கினாக்கிஸ் பக்கம் தீர்ப்பானது. தன் நம்பிக்கைக்குச் சாட்சி சொல்வது வேறு, துன்பத்திலோ தேவையிலோ இருப்பவரை நெருக்குவது வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்டிராட்டன் என்ற சிற்றூர், வீடு வீடாகப் போவதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்று விதி போட்டது. 2002இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வராதே என்று பலகை வைக்கவும், வந்தவரிடம் பேச மறுக்கவும் வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கும்போது ஊர் நிர்வாகம் குறுக்கே வரத் தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

மூன்று தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான்: கேட்க உரிமை உண்டு, மறுக்கவும் உரிமை உண்டு, மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் கேட்பது கேட்பதே ஆகாது.

வாசலில் வந்து நிற்பவர் மேல் எனக்கு ஒரு மதிப்பும் உண்டு. காரணம், அவர் கேட்கிறார். இந்த ஊர் கேட்காமல் செய்ததையும் பார்த்திருக்கிறது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகைக்கு நடுவே, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் ஆட்சியில், சம்பா கோயில் எனப்படும் கத்தோலிக்கத் தேவாலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்தத் துயரத்தைத் துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அரசாங்கத்தின் கடப்பாரையோடு வரும் மதத்திடம் யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. பையும் செருப்புமாக வெயிலில் நடந்து வருகிறவரிடம் சொல்லலாம்.

ஒலிபெருக்கியிடமும் சொல்ல முடியாது. அது எல்லா மதத்துக்கும் பொதுவான அத்துமீறல். கதவைத் தட்டாமல், தூங்குகிறவன் தலைமாட்டுக்கே வந்துவிடுகிறது. சென்னை கே.கே.ஆர். நகர் சர்ச் ஆஃப் காட் சபையின் வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொன்னது. துண்டுப்பிரசுரம் நீட்டுகிறவரைத் திட்டித் தீர்க்கும் நாம், நம் தெருக்கோயில் குழாய் ஒலிபெருக்கியைத் திருவிழா என்று பொறுத்துக்கொள்கிறோம். இரண்டில் மரியாதை அதிகம் உள்ளவர் முன்னவரே.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு கடமை உண்டு. முகத்தை முறிக்கக் கூடாது என்று நாம் ‘அப்புறம் வாங்க’ என்போம். ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்போம். வந்தவர் அதை நம்பிக் குறித்துக்கொண்டு மறுவாரம் வந்து நிற்பார். அப்போது நமக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் பாதி நாமே வரவழைத்தது. எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு பெண்மணி இதில் கெட்டிக்காரர். ‘நாங்க மாரியாத்தாள கும்புடுறவங்கம்மா, மாற மாட்டோம். வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க’ என்பார். ஒரே மூச்சில் மறுப்பும் உபசாரமும் முடிந்துவிடும். வந்தவர்களும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாயை அவிழ்த்துவிடுவதும், பிரசுரத்தைக் கண் முன்னே கிழிப்பதும், கைபேசியில் படம் பிடித்து மிரட்டுவதும் வீரமல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியாகக் கிடக்கும் கிழவிக்கு, வாரத்தில் கையைப் பிடித்து ‘சாப்டீங்களாம்மா?’ என்று கேட்க வரும் ஒரே ஆள் ஜெபம் செய்ய வருகிறவராக இருக்கலாம். சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் போகாத வீட்டுக்கு அவர் போகிறார். அவரைத் தடுக்க நினைக்கிறவர் முதலில் அந்த வீட்டுக்குத் தானும் போய்வர வேண்டும். அதே சமயம், நோயையும் துக்கத்தையும் கேள்விப்பட்டு வருகிறவர், ‘இந்தச் சாமியைக் கும்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது’ என்று வாயைத் திறந்தால், அதுவரை செய்த உபகாரமெல்லாம் வீண்.

ஆகவே வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. படிக்கு வெளியே நில்லுங்கள். யார், எந்தச் சபை, எந்தக் கோயில் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பெரியவர்கள் இல்லாத வீட்டில் பிள்ளைகளிடம் பேசாதீர்கள். சாவு வீட்டுக்கு வந்தால் ஆறுதலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தவர் சாமியை இழிவாகப் பேசாதீர்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். கோயில் வசூலுக்கு வருகிறவர்களுக்கும் இதே விதிதான். நூறு ரூபாய் தராத வீட்டை மனதுக்குள் குறித்து வைத்துக்கொள்வதும் ஒருவகை மிரட்டல்தான்.

வந்ததை வைத்து ஒருவரை நான் எடைபோட மாட்டேன். மறுப்பைக் கேட்ட பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதே கணக்கு. ‘சரிங்கம்மா’ என்று சொல்லிப் படியை விட்டு நகர்ந்தவர், எந்தச் சாமியைச் சொல்ல வந்திருந்தாலும், மரியாதை தெரிந்தவர். நகராமல் நின்றவர், என் சாமியின் பெயரையே சொன்னாலும், அத்துமீறியவர்.