எட்ட நின்று கிட்டக் காண்பது

அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒரே ஒரு லென்ஸ் வாங்குவதென்றால் எதை வாங்குவது? டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றைக் கையில் பெற்ற எவரும் முதலில் கேட்கும் வினா இது. புதிதாக வருவன பெரும்பாலும் 'மிர்ரர்லெஸ்' வகைக் கேமராக்களே. எனினும் பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்கள் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், ஸ்டுடியோக்காரரிடமிருந்து பங்கு இளைஞருக்கும் கைமாறி, புதுநன்மை விழாக்களிலும் தேர்ப்பவனிகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் இது கடைவீதி வினா. விலை, எடை, தரம் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்தால் விடை கிடைத்துவிடும். சற்று ஆழ்ந்து நோக்கினால் அதனுள் ஓர் அறநெறி வினா மறைந்திருப்பது புலப்படும்: நம் சக மனிதரை எவ்வளவு தொலைவில் நின்று காண விரும்புகிறோம்?

முதலில் கருவியை அறிவோம். குவியத் தொலைவைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் இடந்தருவது ஜூம் லென்ஸ். 35 மி.மீ. படச்சுருள் கேமராக்களுக்கென 1959-இல் வெளிவந்த முதல் ஜூம் லென்ஸ் ஃபோக்ட்லெண்டர் நிறுவனத்தின் 'ஜூமார்'. அது 36 மி.மீ. முதல் 82 மி.மீ. வரை செல்லும். அதற்கு முன்னர்ப் படமெடுப்பவர் பெரிய உருவம் வேண்டுமாயின் முன்னே நடந்தார். அகன்ற காட்சி வேண்டுமாயின் பின்னே நடந்தார். இல்லையேல் லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். ஜூம் லென்ஸ் வந்தபின் கால் செய்த வேலையில் ஒரு பகுதியைக் கைவிரல் ஏற்றுக்கொண்டது.

இன்று கேமராவோடு சேர்த்தே தரப்படும் லென்ஸ் பெரும்பாலும் 18-55 மி.மீ. ஆகும். அதற்கு மேல் 18-135, 18-200 எனத் தொலைவை அள்ளி வருவன உண்டு. 17-50 மி.மீ. அளவில், எங்கும் எஃப் 2.8 துவாரம் தரும் லென்ஸ்களும் உண்டு. இவை எடையும் விலையும் மிக்கவை. ஜூம் ஏதுமின்றி 50 மி.மீ.-இல் நிற்கும் எஃப் 1.8 லென்ஸோ சிறியது, விலை குறைந்தது. எஃப் எண் சிறுக்கச் சிறுக்க உட்புகும் ஒளி பெருகும். 18-55 லென்ஸை முழுதும் நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6 என்னும் அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 2.8 அதைப்போல் நான்கு மடங்கு ஒளியையும், எஃப் 1.8 ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியையும் உள்ளே விடும். பாஸ்கா திருவிழிப்பின் மெழுகுதிரி ஒளியில் படமெடுக்க முயன்றவர்க்கு இந்த வேறுபாட்டின் பொருள் விளங்கும்.

ஆக, தொலைவை வேண்டுபவர் ஒளியை இழக்கிறார். ஒளியை வேண்டுபவர் தொலைவையோ பணத்தையோ இழக்கிறார். எல்லாவற்றையும் தரும் லென்ஸ் இல்லை. எதைத் தேர்ந்தாலும் ஒன்றைத் துறந்தே ஆகவேண்டும். செய்யத்தக்கவற்றைப் பற்றிய செம்மையான அறிவே விவேகம் என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். தலையாய நற்பண்புகள் நான்கனுள் விவேகத்துக்கு முதலிடம் தரப்படுவதற்குக் காரணம் உண்டு. நீதியும் துணிவும் அளவுடைமையும் எங்கே, எவ்வளவு, எப்போது என்று காட்டுவது அதுவே. லென்ஸ் தேர்வும் ஒரு சிறு விவேகப் பயிற்சி. எதைத் துறக்கலாம் என்பதை அறிய, எதைத் துறக்கக் கூடாது என்பதை முன்னதாக அறிந்திருக்க வேண்டும்.

இங்கே, படக்கலையைக் கற்பவர் வியப்போடு அறியும் உண்மை ஒன்று உண்டு. ஜூம் லென்ஸ் தொலைவிலுள்ளதை அருகில் கொண்டுவருகிறது என்கிறோம். உண்மையில் அது எதையும் அருகில் கொண்டுவருவதில்லை. இருந்த இடத்திலிருந்து தெரியும் காட்சியின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவே. பொருள்கள் ஒன்றுக்கொன்று எந்த அளவில் தெரியும் என்பதை லென்ஸ் தீர்மானிப்பதில்லை. நாம் நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. ஒரு மனிதர் நிற்கிறார். அவருக்கு 20 மீட்டர் பின்னே ஒரு பனைமரம். அவரிடமிருந்து 2 மீட்டர் தொலைவில் நாம் நின்றால், மரம் நம்மிடமிருந்து 22 மீட்டர். அதாவது மனிதரைவிடப் பதினொரு மடங்கு தொலைவு. அங்கே மனிதர் ஓங்கி நிற்பார், மரம் ஒடுங்கும். அவரிடமிருந்து 20 மீட்டர் விலகினால் மரம் 40 மீட்டர். அதாவது இரு மடங்கு தொலைவே. இப்போது மரம் அவர் தலைக்குமேல் பேருருக் கொண்டு அழுத்தும். எந்த லென்ஸை எவ்வளவு திருகினாலும் இந்த விகிதம் மாறாது. அதை மாற்ற ஒரே வழி, நடப்பது.

மனிதரைப் பற்றிய நம் தீர்ப்புகளும் இவ்வாறே அமைகின்றன. தொலைவில் நின்று நோக்கும்போது ஒருவருடைய குறை, அவருக்குப் பின்னே நிற்கும் பனைமரம்போல் அவரையே விழுங்கிவிடுகிறது. எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அது சிறுப்பதில்லை, உருவந்தான் பெரிதாகும். அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்த பிறகே, குறை தன் அளவில் சிறுத்து, மனிதர் தன் அளவில் நிமிர்ந்து தெரிகிறார்.

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலைக்குச் சற்றுக் கிழக்கே, ஆரோவில்லை ஒட்டி இரும்பை என்னும் ஊர் இருக்கிறது. திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயில் அங்குள்ளது. கடுவெளிச் சித்தரைப் பற்றி அவ்வூரில் வழங்கும் கதை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கோயிலில் கூத்து நிகழ்ந்தபோது ஆடிய பெண்ணின் காற்சிலம்பு நழுவி விழுந்ததாம். ஆட்டம் தடைபடலாகாது என்று கருதிய சித்தர் அதனை எடுத்து அவள் காலில் பூட்டினாராம். கூட்டம் அதைக் கண்டு நகைத்ததாம். உள்ளம் நொந்த சித்தர் பாட, இலிங்கம் பிளந்ததாம். மன்னன் பணிந்து வேண்டியபின் அவர் மீண்டும் பாட, அது ஒன்றுசேர்ந்ததாம். நம் அயலாரின் மரபு இது, மரியாதையோடு கேட்போம். கூட்டம் கண்டது பொய்க்காட்சியன்று. ஒரு துறவியின் கை ஒரு பெண்ணின் காலைத் தொட்டது உண்மை. எனினும் அவர்கள் கண்டது காட்சியின் ஒரு துண்டு. கையையும் காலையும் மட்டும் சட்டத்துக்குள் அடக்கிவிட்டு, சிலம்பையும் ஆட்டத்தையும் அவர் எண்ணத்தையும் வெளியே தள்ளிவிட்டார்கள். பார்வை பிளந்த இடத்தில் கல்லும் பிளந்தது என்பதே அக்கதை நமக்குச் சொல்லும் செய்தி.

இதே செய்தியை நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் சொல்கிறது. 1993 மார்ச்சில் சூடானின் அயோடு என்னும் இடத்தில் கெவின் கார்ட்டர் எடுத்த படம் உலகை உலுக்கியது: பசியால் குனிந்து கிடக்கும் ஒரு குழந்தை, பின்னே காத்திருக்கும் ஒரு பிணந்தின்னிக் கழுகு. 1994-இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில், வேறு பல துயரங்களும் சூழ்ந்திருந்த நிலையில், கார்ட்டர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குழந்தையைத் தூக்காமல் படமெடுத்தாரே என்று உலகம் அவரைக் கடிந்தது. கடிந்தவர்களில் பெரும்பாலார் அறிந்தது அந்த ஒரு சட்டத்தை மட்டுமே. அவர் கழுகை விரட்டியதும், உணவு வழங்கும் மையம் அருகிலேயே இருந்ததும் அதற்குள் இல்லை. அக்குழந்தை ஒரு சிறுவன் என்பதும், அவன் அப்பஞ்சத்தில் பிழைத்தான் என்பதும் 2011-இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. கார்ட்டர் அக்குழந்தைக்கு எவ்வளவு கடமைப்பட்டிருந்தார் என்ற வினா தீராமல் நிற்கிறது. அதை நாம் எளிதாக்கிவிட வேண்டாம். ஆனால் அவரைக் கடிந்தவர்களும் தொலைவில் நின்று துண்டுக் காட்சியைப் பெரிதாக்கியவர்களே என்பதையும் மறைக்க வேண்டாம்.

அப்படியானால் தொலைவு எப்போதுமே குற்றமா? இல்லை. இரும்பை அமைந்துள்ள வானூர் வட்டத்திலும் மரக்காணம் வட்டத்திலும் பரந்து கிடக்கும் கழுவெளி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பூநாரைகளை நேசிப்பவர் அவற்றை நெருங்கமாட்டார். எட்ட நின்று நீண்ட லென்ஸில் காண்பதே அங்கு அன்பு. துக்க வீட்டில் பிள்ளையை இழந்த தாயின் முகத்துக்கு முன்னே லென்ஸை நீட்டுவது அருகாமை ஆகாது, அத்துமீறல். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் மாவட்டத்துக் கடற்கரையையும் தாக்கியபோது, கேமராக்கள் மிக அருகே வந்ததுண்டு. அந்த அருகாமை எல்லாமே ஆறுதலாய் இருந்ததில்லை. மேலும், அகன்ற கோண லென்ஸோடு ஒரு முகத்தை மிக நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது சிறுத்து உருவம் கோணும். பிறருடைய வாழ்வு புனித நிலம். அதன்முன் காலணிகளைக் கழற்றக் கற்க வேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மோசேயின் எரியும் முட்புதரை நினைவூட்டி, 2013-இல் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் மடலில் கூறினார். காலணியைக் கழற்றுபவர் ஒரு கணம் நின்றாக வேண்டும்.

ஆகவே மீட்டர்க் கணக்கில் அறம் அடங்காது. நற்செய்தியே இதற்குச் சான்று. கைதான ஆண்டவரைப் பேதுரு தொலைவில் பின்தொடர்ந்தார், பிறகு மறுதலித்தார். கல்வாரியில் பெண்களும் தொலைவில் நின்றே நோக்கினர்; அவர்களே வாரத்தின் முதல் நாள் விடியலில் நறுமணப் பொருள்களோடு கல்லறைக்கு நடந்தனர். இருசாராரும் நின்றது தொலைவில். ஒருவருக்குத் தொலைவு ஒளிந்துகொள்ளும் இடமாயிற்று. மற்றவர்க்கு நெருங்கும் வரை காத்திருக்கும் இடமாயிற்று. தொலைவில் நின்று காண்பது நடையின் தொடக்கமா, நடைக்கு மாற்றா என்பதே நம்மை நாம் சோதிக்க வேண்டிய உரைகல்.

நல்ல சமாரியர் உவமையில் மூவரும் அடிபட்டவரைக் கண்டார்கள். குருவின் கண்ணிலோ லேவியரின் கண்ணிலோ குறையில்லை. கண்டவர் மூவர், நெருங்கியவர் ஒருவர். நம் திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்னும் சொல்லை ஆள்கிறது. அடுத்தல் என்றால் தமிழில் நெருங்குதல். அடுத்திருப்பவர் யார் என்று கேட்ட சட்ட அறிஞருக்கு, நெருங்கிப் போனவரே அடுத்திருப்பவர் ஆனார் என்று ஆண்டவர் விளங்கவைத்தார். இன்று நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தால் கைப்பேசிகள் உயர்கின்றன. விரல்கள் திரையை விரித்துக் காயத்தைப் பெரிதாக்குகின்றன. கால்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. "உதவினால் வழக்கில் மாட்டுவோம்" என்ற சாக்கும் இப்போது செல்லாது. உதவுபவரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்டத்தின் வலிமை தந்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் அப்பாதுகாப்பை ஏற்றுக்கொண்டது. அச்சட்டம் உதவுபவரை அழைக்கும் பெயர் 'நல்ல சமாரியர்' என்பதே. நாட்டின் சட்டமே நம் நற்செய்தியின் சொல்லை எடுத்தாளும்போது, அச்சொல்லை ஞாயிறுதோறும் கேட்கும் நாம் ஒதுங்கி நிற்கலாமா?

இனி, தொடக்க வினாவுக்கு விடை சொல்லலாம். காவலர் தடுப்புக்கு அப்பால் நிற்கும் செய்தியாளருக்கும், பறவைகளைக் காண்பவருக்கும், முதுமையாலோ உடற்குறையாலோ நடக்க இயலாதவருக்கும் நீண்ட ஜூம் தேவை. அவர்கள் தயங்காமல் வாங்கட்டும். ஆனால் குடும்பத்தையும் பங்கையும் ஊரையும் படமெடுக்க விரும்புபவர்க்கு, நாள்தோறும் மாட்டியிருக்க வேண்டியது குறுகிய ஜூம்தான் என்பது என் துணிபு. கேமராவோடு வந்த 18-55 போதும். கோயிலின் மங்கிய ஒளிக்கு 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று துணையிருந்தால் நலம். பணம் இருப்பவர் எஃப் 2.8 வாங்கலாம். ஓராண்டில் இருமுறை தேவைப்படும் தொலைவுக்காக, நாள்தோறும் எடையைச் சுமக்கவும் ஒளியை இழக்கவும் வேண்டியதில்லை. அவ்விரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொள்ளலாம். குறுகிய லென்ஸ் ஒருவருடைய முகத்தைப் பெரிதாய்க் காட்டாது. அவர் முகம் வேண்டுமாயின் அவரிடம் போக வேண்டும். போனால் அவர் நம்மைக் காண்பார், பெயர் கேட்பார், வேண்டாம் என்று மறுக்கவும் அவருக்கு உரிமை இருக்கும். அந்த உரிமையை அவருக்குத் தரும் லென்ஸே அன்றாடத்துக்கு ஏற்ற லென்ஸ்.

நேரில் போய்க் காணாமல், காலணி தேய நடக்காமல் மனிதரைப் பற்றி உண்மையாய்ப் பேச இயலாது என்பதே 2021-ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் விடுத்த செய்தியின் சாரம். அது செய்தியாளருக்கு மட்டும் உரியதன்று. விண்ணில் இருந்தபடியே நம்மை முழுதும் அறிந்திருந்தவர், அந்த அறிவோடு நின்றுவிடவில்லை. நடந்து வந்தார், நம்மிடையே குடிகொண்டார். அவரைப் பின்செல்பவர்களாகிய நம் கண்கள் எவ்வளவு தொலைவு காண்கின்றன என்பதைவிட, கண்டபின் நம் கால்கள் எத்தனை அடி வைத்தன என்பதே நம்மிடம் கேட்கப்படும்.