பிச்சிப்பூவின் வாசனை

சீடன்: ஐயா, வள்ளியூர்க் காற்றில் ஆடி நிற்கும் இந்தத் தக்காளிச் செடியைப் பாருங்கள். பச்சைப்புழு இலையின் ஓரத்தை அரித்துத் தின்று, தன் கரிய எச்சத்தைக் காம்பிலே மணிமணியாக விட்டிருக்கிறது. ஓடவும் கூவவும் இயலாத இந்த ஜீவன் எல்லாவற்றையும் விதியென்று பொறுத்துக்கொள்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.

குரு: அப்படித் தோன்றுவது நம் புலன்களின் குறையேயன்றிச் செடியின் மௌனமன்று, அப்பா. ஆரல்வாய்மொழியைக் கடந்து தோவாளைச் சந்தைக்குப் போனால் கூடை கூடையாகக் குவிந்திருக்குமே பிச்சி, அந்த ஜாதிப் பூவின் தைலத்திலிருந்துதான் 1962-ஆம் ஆண்டில் மீத்தைல் ஜாஸ்மோனேட் என்னும் வாசனைத் திரவியத்தை இரசாயன அறிஞர் பிரித்தெடுத்தனர். அன்று அது அத்தருக்குரிய சரக்காகவே எண்ணப்பட்டது. அதன் இனமான ஜாஸ்மோனிக் அமிலமோ, புழு கடித்த சில நிமிஷங்களுக்குள் இலையில் ஊறிப் பெருகி, புழுவின் வயிற்றில் புரதம் செரிக்கவொட்டாமல் தடுக்கும் பொருள்களை, கடிபட்ட இலையில் மட்டுமன்றிக் கடிபடாத இலைகளிலும் உண்டாக்கச் செய்கிறது.

சீடன்: அயற்செடிக்கும் அந்தச் செய்தி எட்டுமோ?

குரு: எட்டக்கூடும். 1990-ல் அமெரிக்காவில் ஃபார்மர், ரையான் என்ற இருவர், இந்த வாசனையை இயல்பாகவே வெளிவிடும் ஒரு புதர்ச்செடியின் கிளைகளைத் தக்காளியோடு ஒரே மூடிய கலத்தில் வைத்தபோது, புழு தீண்டாமலே தக்காளி தன் காப்பைத் தயாரித்துக்கொண்டது. இதைத் தர்மமென்று சொல்ல அவசரப்படாதே. காற்றில் கசிந்ததை அயற்செடி ஒட்டுக்கேட்டது என்பதே நியாயமான வார்த்தை.

சீடன்: எந்நாளும் காப்போடே இருந்துவிடலாகாதா?

குரு: இருக்கும் பொக்கிஷம் ஒன்றுதானே! வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெல்லினும் இந்த ஜாஸ்மோனேட்டும் ஒன்றையொன்று அடக்கும் சுபாவமுடையவை. நெல் நாற்றுக்குள் ஒரு பூஞ்சணம் புகுந்து ஜிப்பரெல்லினை மிகுதியாகச் சுரந்தால், நாற்று வெளிறி ஒல்லியாக ஓங்கி, மணி பிடிக்குமுன்னே மடிந்துபோவதுண்டு. அதற்குக் காரணம் பூஞ்சணத்தின் சுரப்பே என்று 1926-ல் தைவானில் குரோசாவா காட்டினார். சில நோய்க்கிருமிகளை எதிர்க்கச் சாலிசிலிக் அமிலம் எழுந்தால், புழுவுக்கான காப்பு பெரும்பாலும் தளர்கிறது. வறட்சியில் அப்சிசிக் அமிலம் இலைத்துளைகளை மூடி நீரைக் காக்கிறது. அதே கதவடைப்பால் உணவு சமைப்பதும் குறைந்துபோகிறது.

சீடன்: மூளையில்லாத உடலில் இவற்றையெல்லாம் சீர்தூக்குவது யார்?

குரு: தனியாக ஒருவர் இல்லை. அந்தந்த உயிரணுவே தன்னிடம் வந்துசேரும் சுரப்புகளின் அளவுக்கேற்ப நடந்துகொள்கிறது. அரசனைத் தேடிப் பழகிய நமக்கு அது விளங்குவது அரிது.

சீடன்: இந்த இலையைக் கிள்ளிவிடட்டுமா, ஐயா?

குரு: வேண்டாம், புழுவை மட்டும் எடுத்துவிடு. கடிபட்ட அந்த இலையிலிருந்துதான் மற்ற இலைகளுக்குச் செய்தி போய்க்கொண்டிருக்கிறது.