ஆற்றில் விடும் முன்

முன்பு வேலை பார்த்த இடத்தில் சர்வர் என் பொறுப்பு. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இரண்டே வரி எழுதி வைத்திருந்தேன். இரவு 2 மணிக்கு அன்றைய ஃபைல்களை ஆர்சிங்க் என்ற கட்டளை இன்னொரு மெஷினுக்கு நகலெடுக்கும். 3 மணிக்கு ஃபைண்ட் என்ற கட்டளை, 30 நாள் தாண்டிய நகல்களை அழிக்கும். அதன்பிறகு நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் பழைய ஃபைல் ஒன்று வேண்டுமென்று வந்தார்கள். பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன், காலி. அந்த மெஷினுக்குள் நுழையும் சாவியான எஸ்எஸ்எச் கீயை யாரோ மாற்றியதில், நகலெடுப்பது ஒரு மாதத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தது. அழிப்பது மட்டும் ஒரு ராத்திரிகூடத் தவறவில்லை. நாளுக்கு ஒன்றாய் உதிர்ந்து, கடைசி நகலும் போயிருந்தது. கிரான் ஒன்றும் ஊமையல்ல. ஒவ்வொரு தோல்விக்கும் நிர்வாகிக் கணக்கான ரூட்டின் பெட்டிக்கு ஒரு மெயில் போட்டிருந்தது. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுவே. இடம் மாறி வேறு சர்வரில் அடித்த ஒரு கட்டளையில், சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்பு ஒத்துவராமல் அது எடுக்கப்படவே இல்லை. அதைச் சொல்ல வந்த மெயில்களும் உள்ளே நுழையாமல் திருப்பப்பட்டிருந்தன. கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரத்துக்கு முன் ஓர் ஊழியர் வேறு வேலைக்காகத் தன் கையால் எடுத்துவைத்த நகல்.

நகலெடுக்க நெட்வொர்க் வேண்டும், டிஸ்க்கில் இடம் வேண்டும், அனுமதி வேண்டும், இரண்டு மெஷினும் விழித்திருக்க வேண்டும். அழிக்க இவ்வளவு துணை தேவையில்லை. அதனால்தான் இரண்டில் ஒன்று நிற்கும்போது, நிற்பது பெரும்பாலும் நகல்தான்.

நம் ஓலைச்சுவடிகளுக்கும் இதே கதி நேர்ந்தது. ஏடு செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்தெழுது, பிறகு பழையதை ஆற்றில் விடு என்பது அன்றைய வழக்கம். எழுதும் கை ஓய்ந்த பின்னும், ஆடிப்பெருக்கில் ஏடுகளை விடுவது சடங்காக நீடித்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகக் கேட்டு நொந்ததை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். இட்டவர்களுக்குக் குற்ற உணர்வில்லை. முறைப்படி செய்ததாகவே நினைத்தார்கள். என் 3 மணி வரியும் முறைப்படிதான் நடந்தது.

இப்போது நான் பார்க்கும் சர்வரில் அந்த இரண்டு வரிகளையும் ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறேன். நகல் சரியாக முடிந்தால்தான் அழிப்பு தொடங்கும். எத்தனை நாள் பழசானாலும் கடைசி ஏழு நகல்களில் கை வைக்காது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலை மீட்டுத் திறந்து பார்க்கிறேன். இந்தக் கடைசி வேலையை மட்டும் கிரானிடம் கொடுக்கவில்லை.

வேலையை மெஷினிடம் விடலாம், கவலையை விடக்கூடாது. உங்கள் பேக்கப்பிலிருந்தும் இன்றே ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல்.