கேட்கத் தெரிந்தவரை உருவாக்கும் கொடை

கொடுத்தது கண்முன்னே பயனாக வேண்டும் என்று நினைப்பது நம் வழக்கம். அன்னதானம் செய்தால் பந்தியில் இலை விழுகிறது. உண்டவர் கை கழுவிவிட்டு வாழ்த்திப் போகிறார். கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கித் தந்தால், வெளிச்சமே மறையும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதிக்கொள்ளலாம். இதில் தப்பொன்றும் இல்லை. பசியும் இருட்டும் காத்திருக்காது. ஆனால் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, கையில் மிஞ்சியதில் ஒரு பங்கை எங்கே கொடுக்கலாம் என்று யோசிக்கும் வயதுக்கு நான் வந்தபோது, வழக்கமான பட்டியல் எதிலும் இல்லாத ஓர் இடமே திரும்பத் திரும்ப மனதில் வந்தது. உளவியல் முதுநிலை படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, அந்தத் துறையின் ஆராய்ச்சிக்கு உதவி.

அதற்குக் காரணம் என் சித்தப்பா. நல்ல உழைப்பாளி. நடுவயதில் பேச்சு குறைந்து, தனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு, பின்கட்டு அறையோடு முடங்கிப் போனார். தெரிந்த கோயில், தர்கா எல்லாம் அழைத்துப் போனோம். பிறகுதான் அரசு மருத்துவமனை. டாக்டர் மருந்து எழுதினார். தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை. ஒருநாள் அங்கே பயிற்சியில் இருந்த ஒரு பெண் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து ஊர்க்காரி. நோயைப் பற்றி எதையும் கேட்கவில்லை. "ஐயா, நீங்க மாடு வச்சிருந்தீங்களாமே, எத்தனை மாடு?" என்றாள். சித்தப்பா நெடுநேரம் கழித்து, "ரெண்டு. ஒண்ணு மயிலை" என்றார். நாங்கள் அத்தனை காலம் கேட்டுக் கிடைக்காத பதில் அது. அதன்பிறகு மருந்தும் பேச்சும் சேர்ந்து அவரைத் தெருத்திண்ணை வரை கொண்டுவந்து சேர்த்தன.

பயிற்சி முடிந்ததும் இங்கேயே இருப்பாயா அம்மா என்று அவளிடம் கேட்டேன். "இல்லீங்க ஐயா. படிப்புக்கு வாங்கின கடன் இருக்கு. சென்னைல கம்பெனி வேலைக்குத்தான் போகணும்" என்றாள்.

அந்த ஒரு பதிலில் முழுக்கணக்கும் இருந்தது. மருத்துவ உளவியலர் ஆவதற்கு நம் நாட்டில் நெடுங்காலம் இருந்துவந்த வழி நீளமானது: பட்டப்படிப்பு மூன்று ஆண்டு, முதுநிலை இரண்டு ஆண்டு, பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த எம்.ஃபில் பயிற்சி இரண்டு ஆண்டு. கடைசி இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் நோயாளிகளோடுதான். பகுதி நேர வேலைக்குக்கூட இடமில்லை. அரசு நிறுவனங்கள் சிலவற்றில் உதவித்தொகை உண்டு. தனியார் கல்லூரிகளில் கட்டணத்தை மாணவரே கட்ட வேண்டும். அதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். வசதியில்லாதவர்கள் கடனோடு வருகிறார்கள். கடனோடு படித்தவர், கடனை அடைக்கும் சம்பளம் எங்கே கிடைக்குமோ அங்கே போகிறார். சிற்றூர் மருத்துவமனையின் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. கட்டணத்துக்குக் கைகொடுக்கும் உதவித்தொகை, படித்து முடித்தவர் நாளைக்கு யார் எதிரில் போய் உட்காருவார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. சிகிச்சை எட்டாதவர்களின் அளவு, நோய்க்கு நோய் மாறி, 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. மாத்திரை போய்ச் சேராத வீடுகள் இத்தனை என்றால், காது கொடுத்துக் கேட்கும் ஆள் போய்ச் சேராத வீடுகள் எத்தனை இருக்கும்?

உயர்கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் கொடுப்பது நமக்குப் புதிதன்று. 1912-13-ல் கல்கத்தா வழக்கறிஞர்கள் தாரகநாத் பாலித்தும் ராஷ்பிஹாரி கோஷும், வக்கீல் தொழிலில் சேர்த்த பெருஞ்செல்வத்தைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். 1914-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு பாலித் காலமானார். விளைந்தது எதையும் அவர் பார்க்கவில்லை. நம் சி.வி. ராமன் 1917-ல் நிதித்துறை உத்தியோகத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பாலித் பேராசிரியராகச் சேர்ந்தார். 1930-ல் நோபல் பரிசு வந்தது.

இந்தியாவின் முதல் உளவியல் துறையும் அதே பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதை நடத்தினார். மருத்துவராக இருந்துகொண்டே அங்கே உளவியல் படித்த கிரீந்திரசேகர போஸ், 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். 1940-ல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தொடங்கியபோது, இடம் கொடுத்தவர் அவருடைய அண்ணன் ராஜசேகர போஸ். பரசுராம் என்ற பெயரில் நாட்டைச் சிரிக்க வைத்த அதே வங்க எழுத்தாளர்தான்.

உதவித்தொகைக்காவது கொடுக்கலாம், ஆராய்ச்சிக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கு விடை சென்னையிலேயே இருக்கிறது. 1981-ல், மனச்சிதைவு நோயின் தொடக்க நிலையில் இருந்த 90 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று இங்கே தொடங்கியது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நடத்திய டாக்டர் சாரதா மேனன் 1984-ல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபைத் தொடங்கினார். அங்கே பணியாற்றிய டாக்டர் ஆர். தாராவும் சகாக்களும் அந்த நோயாளிகளை 25 ஆண்டுகள் வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். பலர் தேறியதும், வேலைக்குப் போனதும், குடும்பம் நடத்தியதும் அதனால் பதிவாயின. மனநோய் வந்தால் அவ்வளவுதான் என்று நம் வீடுகளில் எழுதிவிடும் தீர்ப்பை மாற்ற, இப்படி வருஷக்கணக்கில் வீடு தேடிப் போனவர்களின் குறிப்பேடுதான் சாட்சி. அந்த நடைக்கு ஆகும் செலவுக்குக் கல்வெட்டு வைக்க இடம் கிடையாது. பேருந்துக் கட்டணமும் ஆய்வாளரின் மாதச் சம்பளமும்தான் அதில் பெரும்பகுதி.

பசித்தவனுக்குச் சோறு போடாமல் படித்தவனுக்குப் பணமா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சோறு முந்த வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் சோற்றுக்குக் கொடுக்க ஊரே இருக்கிறது. மாடு மேய்த்த மனிதனிடம் மாட்டைப் பற்றிக் கேட்கத் தெரிந்த ஒருத்தியைப் படிக்க வைக்க ஆளைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. எல்லாரும் கை நீட்டும் பக்கமே நம் கையும் நீள வேண்டியதில்லை.

கொடுப்பவருக்கும் சில ஒழுங்குகள் உண்டு. மேடையில் பிள்ளையை நிறுத்தி, ஆளுயரக் காசோலையோடு படம் எடுக்க வேண்டாம். அடுத்தவர் துயரத்தை மதிப்போடு கேட்கப் பழகும் ஒருவரை, அவருடைய வறுமையைக் காட்சிக்கு வைத்துத் தொடங்கி வைப்பது முறையாகாது. ஆய்வுக்குக் கொடுத்தால் முடிவு இப்படித்தான் வர வேண்டும் என்று விரும்பக்கூடாது. நமக்குப் பிடிக்காத முடிவுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறோம். ஒருமுறை பெரிதாகக் கொடுத்து மறப்பதைவிட, படிப்பு முடியும்வரை ஆண்டுதோறும் சிறிது கொடுப்பது அந்தப் பிள்ளைக்கு நிம்மதி. சிற்றூரில் வேலை பார்க்க முன்வருபவருக்கு முன்னுரிமை தரும்படி நிறுவனத்திடம் கேட்கலாம். பத்திரம் எழுதி வாங்கிக் கட்டிப்போடக் கூடாது.

உங்கள் ஊருக்கு அருகில் உளவியல் முதுநிலைத் துறை உள்ள கல்லூரியோ பல்கலைக்கழகமோ இருந்தால், ஒருநாள் துறைத்தலைவரைப் போய்ப் பாருங்கள். கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விடும் நிலையில் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டில் அடுத்த விசேஷத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அங்கே கட்டுங்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு யாரோடு பேசப்போகிறாள் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தெரியாமலே கொடுங்கள்.