ஒரிஜினல் கார் எது?

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிப்பவர் அதில் பொருத்தும் ஒவ்வொரு உறுப்பும் ஒரு சாட்சியம். ‘அன்று இது இப்படித்தான் இருந்தது’ என்று அது பார்ப்பவரிடம் சொல்கிறது. ஜாகுவார் ஈ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானது. முதலில் வந்த சுமார் 500 கார்களில் பானட்டைப் பூட்டும் தாழ் வெளிப்புறம் இருந்தது. அதைத் திறக்கத் தனிச் சாவி வேண்டும். பிறகு தாழ் காருக்குள் போயிற்று. தொடக்கத்தில் தட்டையாக இருந்த தரைத்தகட்டில், கால் வைக்க இடம் போதாததால் பின்னர் பள்ளம் வைத்தார்கள். 1964இல் 3.8 லிட்டர் எஞ்சின் போய் 4.2 லிட்டர் எஞ்சின் வந்தது. ஆகவே 1961 நடுவில் செய்த காரில் பள்ளத் தரையைப் பற்றவைத்தால், அந்தக் கார் தன் பிறப்பைப் பற்றித் தவறாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. போல்ட்டின் மேற்பூச்சு, ஒயரைச் சுற்றிய துணிப்பின்னல், டயரின் அகலம் எல்லாமே இப்படித்தான். சில்லறை நுணுக்கம் என்று இவற்றைத் தள்ளுவது சரியல்ல.

ஆனால் உறுப்பெல்லாம் காலத்துக்குப் பொருந்திவிட்டால் கார் உண்மையானதாகிவிடுமா? இதே ஐயம் பழங்காலத்திலேயே எழுந்தது. ஏதென்ஸ்காரர்கள் தங்கள் புராண வீரன் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்தபோது, உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தார்கள். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரு கட்சியாக வாதிட்டதாக புளூட்டார்க் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் இக்கேள்வியை இன்னும் கடினமாக்கினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து மறுபடி கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸுடையது? இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டதும் இதை ஒட்டியதுதான். அச்சு தேரா, சக்கரம் தேரா, எல்லாம் சேர்ந்தது தேரா? எதுவுமில்லை என்றான் அரசன். உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்ற முடிவுக்கு இருவரும் வந்தார்கள்.

இந்தியத் தத்துவ மரபில் நியாய வைசேஷிகர் இதை ஏற்கவில்லை. அவர்களுக்கு முழுமை என்பது வெறும் பெயரன்று. உறுப்புகளில் தங்கி நிற்கும் தனிப்பொருள். அதனாலேயே அவர்கள் கடுமையான விலையும் கொடுத்தார்கள்: ஓர் உறுப்பு நீங்கினால் பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கிறது. இந்தக் கணக்கில் பழைய சக்கரத்தைக் கழற்றியதுமே கார் வேறாகிவிடும். பட்டறையில் யாரும் அப்படிக் கருதுவதில்லை.

ஹாப்ஸின் இரண்டு கப்பல்கள் கார் உலகில் உண்மையாகவே நேர்கின்றன. பந்தயத்தில் நசுங்கிய சேஸிஸை ஒதுக்கிவிட்டு, அதே எண்ணோடு புதியதைப் பொருத்தியிருப்பார்கள். பல ஆண்டு கழித்து வேறொருவர் ஒதுக்கிய சேஸிஸைக் கண்டெடுத்து அதன்மேல் கார் கட்டுவார். ஓர் எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடும்.

இப்பிரச்சினையின் இன்னொரு முகம் 1990இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ எனப்பட்ட பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. பின்னர் அதில் 8 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். 1932இல் புரூக்லேண்ட்ஸ் களத்தில் நடந்த விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ இறந்தார். காரை மறுபடி கட்டினார்கள். சுமார் 1 கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆனபோது, இது அந்தக் கார் அல்ல என்று வாங்க வந்த தரப்பு பின்வாங்கியது. லெ மானில் ஓடிய உலோகத்தில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது மெய்தான். ஆயினும் நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். மாற்றங்கள் தொடர்ச்சி அறாமல் நடந்தன, அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறு கார் கிடையாது என்பது அவர் கண்ட நியாயம். நாகசேனர் சொன்னபடி பெயர்தான் தேர் என்றாலும், அந்தப் பெயர் நினைத்த இடத்தில் ஒட்டிக்கொள்வதல்ல. வாழ்ந்த வாழ்வு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இதுவே வலுவான விடை.

இந்த விடையை ஏற்றால் புதுப்பிப்பவருக்குப் புதிய சிக்கல் வருகிறது. வாழ்வே காரின் உயிர்நாடி என்றால், அதை எந்த நாளுக்குத் திருப்புவது? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளுக்கா, பந்தயம் வென்ற நாளுக்கா? தொழிற்சாலை நாளைத் தேர்ந்தால் அதற்குப் பின் பட்ட தழும்பெல்லாம் போய்விடும். பழங்கட்டடங்களைக் குறித்து 1964இல் எழுந்த வெனிஸ் சாசனம் ஒவ்வொரு காலத்தின் சேர்க்கையையும் மதிக்கச் சொன்னது. ஊகம் தொடங்கும் இடத்தில் வேலையை நிறுத்தச் சொன்னது. பழைய வாகனங்களுக்கான ஃபிவா அமைப்பின் டூரின் சாசனம் அதன் வழிவந்ததே. பிலடெல்பியாவின் சிமியோன் அருங்காட்சியகம் ஷெல்பி கோப்ரா டேடோனா கூபே ஒன்றைப் பழைய பெயின்ட் உதிர்ந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் 2014இல் முதலாவதாகச் சேர்ந்தது அந்தக் கார்தான். அதற்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஒரு நேரடிச் சாட்சியை ஊமையாக்கியதாகும்.

இதற்கு எதிர்முனையில் மிகைப் புதுப்பிப்பு. தொழிற்சாலைப் பெயின்ட்டில் சொரசொரப்பு இருந்தது, கதவு இடைவெளிகள் ஒரே சீராக இல்லை. இன்றோ கண்ணாடி போல மெருகேற்றி, மயிரிழை பிசகாத இடைவெளியோடு நிறுத்துகிறார்கள். உறுப்புகள் ஒவ்வொன்றும் காலத்துக்குப் பொருந்தியும் முழுக் கார் எந்தக் காலத்திலும் இருந்திராத ஒன்றாகிவிடுகிறது. கைவினையின் அருமையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. வரலாறு என்ற பெயரில் அதைக் காட்டுவதுதான் பிழை.

கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தின் நிலை வேறு. 1965ஆம் ஆண்டின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட், ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. ஈயமற்ற பெட்ரோலில் வால்வு சீட் தேயும் என்பதால் கடினப்படுத்திய சீட்டை வைக்கிறார்கள். வெளியே 1965, உள்ளே இன்றைய உலோகம். கார் ஓட வேண்டியதால் இது தேவையான மாற்றம்; ஏட்டில் எழுதி வைத்தவரை இதில் வஞ்சகம் இல்லை. புதிதாகச் செய்த தகட்டில் பழைய எண்ணைப் பொறித்து, பழசு போலத் தேய்த்து வைப்பதற்கோ அந்த நியாயம் கிடையாது. சேர்த்த பகுதி மூலப்பகுதியிலிருந்து பிரித்தறியத்தக்கதாக இருக்க வேண்டும் என்று வெனிஸ் சாசனம் சொன்னது இதைத் தடுக்கவே.

ஆகவே நல்ல பட்டறையின் வேலை காரோடு முடிவதில்லை. பிரிப்பதற்கு முன் படம் எடுப்பது, புதிய உறுப்பின் மறைவுப் பக்கத்தில் செய்த ஆண்டைக் குத்துவது, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ளங்கை அளவு பழைய பெயின்ட்டைத் தொடாமல் விடுவது, கழற்றிய துருப்பிடித்த தகட்டுக்குச் சீட்டுக் கட்டிக் காரோடு ஒப்படைப்பது எல்லாம் அதில் அடக்கம்.