கையும் ஏடும்

மென்பொருள் எழுதப் புத்தகத்தில் கற்பதா, வீடியோவில் கற்பதா என்ற விவாதம் பெரும்பாலும் வசதி பற்றியதாகவே நின்றுவிடுகிறது. எது சீக்கிரம், எது மலிவு என்பதோடு சரி. இதற்குள் ஓர் அறக் கேள்வியும் இருப்பதாகத் தோன்றுகிறது: அறிந்தவன் என்று ஒருவன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் உரிமை எப்போது பிறக்கிறது?

பொதட்டூர்பேட்டை தறிகளின் ஊர். நெசவு ஏட்டின் வழியாக வந்த தொழிலல்ல. மூத்தவர் கையைப் பார்த்து, அறுந்த இழையைத் தானே முடிந்து பழகிய தொழில். அந்த ஊர்ப் பையன் கைபேசியில் வீடியோ பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்கும்போது, பழைய வழிக்கே திரும்புகிறான் என்று சொல்லத் தோன்றும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியும் துணைக்கு வரும்.

ஆனால் தறியடியில் பார்வை இருவழிப்பட்டது. பிள்ளை மூத்தவரின் கையைப் பார்த்தது. மூத்தவர் பிள்ளையின் கையைப் பார்த்தார். வீடியோ யாரையும் பார்ப்பதில்லை. அதில் இழை அறுவதும் அபூர்வம். அறுந்த இடங்களை வெட்டி எறிந்த பிறகுதான் பெரும்பாலும் அது நம்மிடம் வருகிறது. கற்பதோ இழை அறுந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

புத்தகமும் யாரையும் பார்ப்பதில்லைதான். பிளேட்டோவின் ஃபீட்ரஸில் சாக்ரட்டீஸ் எழுத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டே இதுதான்: கேள்வி கேட்டால் அது சொன்னதையே திரும்பச் சொல்லும். ஆனால் புரியாதபோது புத்தகம் நின்றுவிடுகிறது. வாசகன் நகர்ந்தாலன்றி அது நகராது. வீடியோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. திரையிலிருப்பவனின் தெளிவைப் பார்ப்பவன் தன் தெளிவாக எண்ணிக்கொள்கிறான். டொனால்ட் நூத் 1968இல் வெளியிட்ட 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' முதல் தொகுதியில் பயிற்சிக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் அதன் கடினத்தைக் குறிக்கும் எண் உண்டு. அறுந்த இழையை வாசகன் கையில் கொடுக்கிற காரியம் இது.

இவ்வளவு சொன்னபின் வீடியோவை இகழ்வது சுலபம். இகழ்கிறவனிடம் ஆங்கிலமும் புத்தக அலமாரியும் இருக்கும். ஏடு யாருக்கு எட்டியது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வரலாறு உள்ள நாட்டில், தமிழில் பேசும் ஒரு வீடியோ திறக்கும் கதவு சிறியதல்ல. அந்த ஏளனத்தில் பழைய திண்ணையின் வாடை அடிக்கிறது.

பவணந்தியின் நன்னூல் வேறொரு கணக்குச் சொல்கிறது. ஆசிரியன் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் கற்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு விளங்க உரைப்பதில்தான் மீதி அரை. புத்தகமா வீடியோவா என்ற சண்டை முழுவதும் அந்த முதல் காலுக்குள்ளேயே நடக்கிறது. இரண்டும் ஆசிரியனின் பதிலிகள், அவ்வளவுதான்.

மென்பொருளுக்கு இந்தக் கணக்கு மிகவும் பொருந்தும். ஒருவன் எழுதிய புரோகிராமை நாளை முகமறியாத இன்னொருவன் திறந்து திருத்த வேண்டியிருக்கும். புரோகிராம் முதலில் மனிதன் படிப்பதற்காக எழுதப்பட வேண்டும் என்று நூத் 1984இல் வாதிட்டதன் சாரம் இதுவே. எழுதியவன் உண்மையில் புரிந்துகொண்டானா, பார்த்ததை ஒட்டி வைத்தானா என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரிந்துவிடும். புரியாததை ஓடுகிறது என்பதற்காக விட்டுவைப்பது அவனுக்குச் செய்யும் துரோகம்.

எங்கே கற்றாய் என்று கேட்பதில் பெரிய அர்த்தமில்லை. யாருக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்கலாம்.